பேட்டன்ட் எடுக்காத குழாய்: கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன்

பென்னாகரமோ அரூரோ பாலக்கோடோ, நீங்க தர்மபுரி மாவட்டத்துல எந்தப் பக்கமா இருந்தாலும் சரி, 2006-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பிச்ச அந்த 14 இஞ்ச் இலவச கலர் டிவியை மறந்திருக்க மாட்டீங்க. பின்பக்கம் பெருசா துருத்திக்கிட்டு இருக்குமே, அதுக்குக் காரணம் உள்ளே இருக்கிற பிக்சர் ட்யூப். அந்த ட்யூபுக்கு அடித்தளம் போட்டவர்தான் இந்த இதழின் நாயகன்.

கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1850 ஜூன் 6 அன்று ஜெர்மனியின் ஃபுல்டா நகரில் பிறந்தார். 1872-ல் பெர்லினில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனால் உடனே பேராசிரியர் ஆகிவிடவில்லை. லைப்சிக் நகரில் ஒரு பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்தார். 1874-ல், ஈய சல்பைடு மாதிரியான சில படிகங்களில் கரன்ட் ஒரு திசையில் எளிதாகவும் எதிர்த் திசையில் கஷ்டப்பட்டும் போகிறது என்று கண்டுபிடித்தார். நாம முதல் வருஷ லேப்ல பார்த்த டையோடுக்கு இதுதான் முன்னோடி.

1897-ல் அவர் ஸ்ட்ராஸ்பர்க்கில் பேராசிரியர். ஏசி கரன்டின் அலை வடிவத்தைக் கண்ணால் பார்க்கணும் என்பது அவர் ஆசை. ஒரு கண்ணாடிக் குழாயில் எலக்ட்ரான் கற்றையை ஓடவிட்டு, ஒளிரும் திரையில் படவைத்தார். வெளியே ஒரு காயில். காயிலில் ஏசி போனதும் ஒளிப்புள்ளி மேலும் கீழும் ஆடியது. ஆனால் திரையில் தெரிந்தது வெறும் செங்குத்துக் கோடுதான். அதை அலையாக விரித்துப் பார்க்க, சுழலும் கண்ணாடி ஒன்றைப் பயன்படுத்தினார். இந்தக் குழாய்க்கு அவர் பேட்டன்ட் எடுக்கவில்லை. எப்படிச் செய்வது என்பதைக் கட்டுரையாக எழுதி எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்.

1899-ல் அவருடைய உதவியாளர் ஜொனாதன் ஜென்னெக் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். குழாயை அவர் மாத்தல, அதை இயக்குற விதத்தை மாத்தினார். கற்றையைச் சீரான வேகத்தில் பக்கவாட்டில் நகர்த்த இன்னொரு காந்தப்புலம் சேர்த்தார். சுழலும் கண்ணாடிக்கு வேலை போச்சு! இன்னிக்கு பாஷையில் சொன்னா, டிஸ்ப்ளே டிரைவருக்கு வந்த முதல் பேட்ச் இதுதான்.

கோட்டின் முடிவுக்குப் போன கற்றை திரும்ப ஆரம்பத்துக்கு வரணும் இல்லையா? பின்னாடி வந்த டிவிகளில் அந்த நேரத்துக்குத் திரையை இருட்டாக்கினாங்க. அதுதான் பிளாங்கிங். இன்னிக்கும் 1920 × 1080, 60 ஹெர்ட்ஸ் என்றால், வழக்கமான டைமிங்கில் டிரைவர் எண்ணுவது 2200 × 1125. பிக்சல் கிளாக் 148.5 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு வரியிலும் 280 பிக்சல் நம்ம கண்ணுக்குத் தெரியாது.

இப்போ ஒருத்தர், எல்சிடியில் கற்றையே இல்லையே, இந்த 280 எதுக்கு, குறைச்சுடலாம்னு ஒரு பேட்ச் அனுப்புறார்னு வைங்க. நீங்கதான் ரிவ்யூ பண்ணணும். யோசனை தப்பில்லை. 160 பிக்சல் மட்டும் விடுகிற டைமிங்கும் தரப்படுத்தப்பட்டிருக்கு, அதில் கிளாக் 138.5-ஆகக் குறையும். ஆனா நீங்க கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கு. பழைய ட்யூப் மானிட்டரை யாராவது இதில் மாட்டினா? அந்தக் காலத்து மானிட்டர் சிலது தப்பான சிங்க்கில் கெட்டே போகும். ஹெச்டிஎம்ஐ-யில் சவுண்டு டேட்டா போறதே அந்த இருட்டு இடைவெளியில்தான், அதுக்கு இடம் மிஞ்சுமா? படம் கிழியாம அடுத்த ஃபிரேமை மாத்துறதும் செங்குத்து பிளாங்கிங்கில்தான், அந்த நேரம் போதுமா? ஒரு எண் ஏன் அங்கே வந்ததுன்னு தெரியாம அதில் கை வைக்கக்கூடாது.

பிரவுன் கதைக்கு வருவோம். அடுத்து அவர் வயர்லெஸ் பக்கம் போனார். தீப்பொறிச் சுற்றை ஆன்டெனாவிலிருந்து பிரித்து, காயில் வழியாக இணைத்து, சிக்னல் வெகுதூரம் போகும்படி செய்தார். இதற்கு பேட்டன்ட் எடுத்தார். 1909-ல் மார்க்கோனியோடு நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

அந்த வயர்லெஸ் பேட்டன்ட்தான் கடைசியில் வம்பாயிற்று. முதல் உலகப் போர் தொடங்கியிருந்த 1914-ன் இறுதியில், ஒரு பேட்டன்ட் வழக்கில் சாட்சி சொல்ல நியூயார்க் போனார். உடம்பு சரியில்லை. 1917-ல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. ஊர் திரும்ப வழியில்லாமல், 1918 ஏப்ரல் 20 அன்று புரூக்ளினில், 67 வயதில் இறந்தார்.

நம்ம தகடூர் அதியமான், தனக்குக் கிடைத்த நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த கதை நமக்குத் தெரியும். பிரவுனும் அப்படி ஒரு கனியைக் கொடுத்தவர்தான். உரிமை கொண்டாடிய கண்டுபிடிப்புக்காகப் போன இடத்தில் அவர் உயிர் போனது. உரிமை கேட்காத குழாயை ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இன்னிக்கும் அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. அடுத்த தடவை டிரைவர் கோடில் பிளாங்கிங் என்ற வார்த்தையைப் பார்த்தா, டெலீட் பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி அவரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.