உதவாக்கரை என்று ஒரு படகு

ஐன்ஸ்டீனை உங்களுக்குத் தெரியும். கலைந்த தலைமுடி, நாக்கை நீட்டிய போட்டோ, ஒரு ஃபார்முலா. ஹாஸ்டல் சுவரில் ஒட்டிய போஸ்டர் முதல் டி-ஷர்ட் வரை எல்லா இடத்திலும் இருக்கிறார். ஆனா இந்த மனுஷன் மாணவப் பருவத்திலிருந்து கிழவராகும் வரை பாய்மரப் படகு ஓட்டினார், ஆனாலும் கடைசிவரை நீந்தக் கற்றுக்கொள்ளவே இல்லை என்பது தெரியுமா?

பயப்படாதீங்க, இந்தக் கட்டுரையில் ரிலேட்டிவிட்டி கொஞ்சம்தான் வரும். வரப்போவது இரண்டு படகுகள். ஒன்று அவ்வளவு அழகு. இன்னொன்றுக்கு அவரே வைத்த பெயர் "உதவாக்கரை". இந்த இரண்டுக்கும் நடுவில் அவருடைய வாழ்க்கை பாதியாக உடைந்தது.

சூரிச் ஏரியில் ஒரு மாணவன்

1879 மார்ச் 14, ஜெர்மனியில் உல்ம் நகரம். அங்கே பிறந்த ஐன்ஸ்டீனின் அப்பாவும் சித்தப்பாவும் ம்யூனிக்கில் எலக்ட்ரிக்கல் கம்பெனி நடத்தினார்கள். டைனமோ, மீட்டர், தெருவிளக்கு என்று அந்தக் காலத்தின் ஸ்டார்ட்-அப் என்றே சொல்லலாம். அது கடைசியில் நஷ்டத்தில் மூடியது.

1896-ல் சூரிச் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். படகு ஓட்டும் பழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது. தங்கியிருந்த வீட்டு அம்மாவின் மகளோடு சூரிச் ஏரியில் படகில் போவார். காற்று வீசினால் பாயைப் பிடிப்பார். காற்று நின்றுவிட்டால் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிடுவார். மறுபடி காற்று வந்தால் நோட்டு உள்ளே போகும், கை கயிற்றுக்கு வரும். கரைக்கு எப்போது வருவார் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும்.

1900-ல் படிப்பு முடிந்தது. உடனே வேலை கிடைக்கவில்லை. பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதி எழுதிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. டியூஷன் எடுத்தார். 1902-ல்தான் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. (பிளேஸ்மென்ட் கவலையில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கலாம்.) 1905-ல் என்ன நடந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

படகுக்காரரும் திசைகாட்டியும்

இது மெக்கானிக்கல், ஈ.இ.இ. ஆட்களுக்கான பகுதி. இரும்புக் கப்பலுக்குள் சாதாரணக் காந்தத் திசைகாட்டி குழம்பிவிடும். அதற்குப் பதில் வந்தது கைரோ காம்பஸ். வேகமாகச் சுழலும் சக்கரத்தையும் பூமியின் சுழற்சியையும் வைத்து உண்மையான வடக்கைக் காட்டும் கருவி. இதை ஜெர்மனியில் செய்தவர் கீல் துறைமுக நகரத்தைச் சேர்ந்த ஹெர்மன் அன்ஷூட்ஸ்-கேம்ப்ஃபே. அமெரிக்காவின் ஸ்பெர்ரியோடு அவருக்கு ஒரு காப்புரிமை வழக்கு வந்தபோது, நீதிமன்றம் நிபுணராக அழைத்தது ஐன்ஸ்டீனை.

பிறகு இருவரும் நண்பர்கள் ஆனார்கள். 1920-களில் அந்தக் கருவியின் அடுத்த மாடலுக்கு ஐன்ஸ்டீன் நேரடியாகவே உதவினார். திரவத்தில் மிதக்கும் கோளத்தை எதையும் தொடாமல் நடுவிலேயே நிறுத்தி வைப்பது எப்படி என்பது பிரச்சினை. மின்காந்தத்தால் என்பது அவர் சொன்ன வழி. கீல் பக்கம் போகும்போதெல்லாம் வேலை பாதி, படகு பாதி. பெரிய கப்பல்கள் வழி தவறாமல் போக உதவியவருக்குப் பிடித்தது என்னவோ, எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசியமில்லாத சின்னப் படகுதான்.

டூம்லர்

1928 தொடக்கத்தில் இதய நோய் வந்து விழுந்தார். பல மாதம் படுக்கை. அடுத்த வருஷம் அவருக்கு 50 வயது. பெர்லின் நகராட்சி ஏரிக்கரையில் ஒரு வீடு பரிசளிக்கிறோம் என்று அறிவித்து, ஒவ்வொரு இடமாகக் காட்டி, ஒவ்வொன்றிலும் ஏதோ சிக்கல் வந்து, கடைசியில் எல்லாம் சொதப்பியது. வெறுத்துப்போய் ஐன்ஸ்டீன் சொந்தப் பணத்திலேயே பெர்லினுக்கு வெளியே, போட்ஸ்டாம் பக்கத்தில், காப்புத் என்ற கிராமத்தில் மர வீடு ஒன்று கட்டிக்கொண்டார். கட்டியவர் கொன்ராட் வாக்ஸ்மன் என்ற இளம் கட்டிடக் கலைஞர்.

நகராட்சி சொதப்பியதை நண்பர்கள் சொதப்பவில்லை. வசதியான சிலர் சேர்ந்து ஒரு படகு கொடுத்தார்கள். மஹோகனி மரம், சுமார் 7 மீட்டர் நீளம், 20 சதுர மீட்டர் பாய், இருவர் படுக்கச் சின்ன கேபின். பெயர் டூம்லர். டால்ஃபினுக்குச் சொந்தக்கார உயிரி ஒன்றின் ஜெர்மன் பெயர் அது. அவசரத்துக்கு ஒரு குட்டி மோட்டாரும் உள்ளே ஒளித்து வைத்திருந்தார்கள். ஐன்ஸ்டீனுக்கு மோட்டார் என்றாலே ஆகாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

காப்புத்தைச் சுற்றி எல்லாம் தண்ணீர். ஹாஃபெல் ஆறு அங்கே ஏரிகளாக விரிந்து கிடக்கிறது. ஒரு பக்கம் டெம்ப்ளின் ஏரி, இன்னொரு பக்கம் ஷ்வீலோ ஏரி. ஆழம் குறைவு. அதற்கு ஏற்ற படகுதான் டூம்லர். அடியில் நிலையான கனத்த கீல் கிடையாது. நடுவில் ஒரு பலகையை ஆழமான இடத்தில் கீழே இறக்கலாம், கரை நெருங்கினால் மேலே இழுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பலகைதான் மொத்த ரகசியம். காற்று பாயைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். பலகை தண்ணீருக்குள் நின்று, பக்கவாட்டில் போக விடாது. மிச்சமிருக்கும் ஒரே வழி முன்னால் போவது. அதனால்தான் காற்று எதிரே இருந்தாலும், நேராகப் போக முடியாதே தவிர, சுமார் 45 டிகிரி சாய்வில் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்து காற்று வரும் திசைக்கே போய்ச் சேரலாம்.

இன்னொன்றும் உண்டு. படகில் இருப்பவருக்குத் தெரியும் காற்று, கரையில் நிற்பவருக்குத் தெரியும் காற்று அல்ல. படகின் வேகத்தை வெக்டராகக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பாயில் படுகிறது. காற்றே இல்லாத நாளில் பைக் ஓட்டினாலும் முகத்தில் காற்று அடிக்குமே, அதுதான். யார் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து காற்றே மாறுகிறது. சொன்னேன் இல்லையா, ரிலேட்டிவிட்டி கொஞ்சம் வரும் என்று. (இது கலிலியோ காலத்து ரிலேட்டிவிட்டி, பரீட்சையில் மாற்றி எழுதிவிடாதீங்க.)

ஐன்ஸ்டீன் இதையெல்லாம் கணக்குப் போட்டு ஓட்டவில்லை. சுக்கானில் ஒரு கை, பாயின் கயிற்றில் ஒரு கை, கன்னத்தில் படும் காற்று, அவ்வளவுதான். போட்டியில் அவருக்கு ஆர்வமே இல்லை. வேகமாகப் போவதைவிட, காற்று செத்த நேரத்தில் நடு ஏரியில் சும்மா கிடப்பது பிடிக்கும். 1930 ஜூலையில் தாகூர் காப்புத் வீட்டுக்கு வந்து பேசினாரே, அது இந்தக் காலத்தில்தான்.

சீசன் முடியும்போது

அந்தப் பகுதியில் படகு சீசன் வசந்தத்தில் தொடங்கி, இலையுதிர் காலத்தில் முடிந்துவிடும். ஆனா படகு ஓட்டுகிறவர்களைக் கேட்டால், கடைசி சில வாரம்தான் சுகம் என்பார்கள். சுற்றுலாக் கூட்டம் போயிருக்கும். ஏரி முழுக்க உங்களுக்கு. கரையோர மரங்கள் மஞ்சளும் செம்மண் நிறமுமாக இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கே வெயில் சாய்ந்துவிடும்.

சுகம் மட்டுமல்ல, ஆபத்தும் அப்போதுதான். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம். 25 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 5 டிகிரியில் இருக்கும் காற்று சுமார் 7 சதவீதம் கனமானது. அதாவது அதே வேகக் காற்று, பாயைக் கூடுதலாகத் தள்ளும். வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. மேகம் ஒன்று கடக்கும்போது திடீரென்று அடிக்கும் காற்றுக்கு முன்னாலேயே பாயைச் சுருக்கிக் கட்டிவிட வேண்டும். அடித்த பிறகு சுருக்கலாம் என்றால் கை பத்தாது. தண்ணீரும் ஜில்லென்று இருக்கும். விழுந்தால் கை கால் சீக்கிரம் மரத்துப்போகும். நீந்தத் தெரியாமல், லைஃப் ஜாக்கெட்டும் போடாமல் இந்த மனுஷன் படகில் போய்க்கொண்டிருந்தார். அவரைப் பல விஷயத்தில் பின்பற்றலாம். இதில் மட்டும் வேண்டாம்.

பிறகு படகைக் கரையேற்றும் வேலை. குளிர் முற்றினால் ஏரி உறையும். பனிக்கட்டி இறுகினால் மரப் படகின் பலகைகளை நெரித்துவிடும். அதற்கு முன்னால் பாயைக் கழற்றி நன்றாகக் காயவைத்து மடிக்க வேண்டும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். பாய்மரத்தை இறக்க வேண்டும். கயிறுகளைச் சுருட்ட வேண்டும். உள்ளே தேங்கிய தண்ணீரைத் துடைத்து, படகை இழுத்துக் கொட்டகையில் ஏற்ற வேண்டும். வசந்தத்தில் வார்னிஷ் அடித்து மறுபடி இறக்குவோம் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவும்.

டூம்லர் இப்படி ஒவ்வொரு வருஷமும் கரையேறியது. ஐன்ஸ்டீன் ஒவ்வொரு டிசம்பரிலும் கலிஃபோர்னியாவுக்கு, கால்டெக்கில் சில மாதம் தங்கப் போவார். 1930-ல் போனார், வசந்தத்தில் திரும்பினார். 1931-ல் போனார், வசந்தத்தில் திரும்பினார். 1932 டிசம்பரில் மூன்றாவது தடவையாகப் போனார்.

1933 ஜனவரி 30. ஹிட்லர் பதவிக்கு வந்தார்.

யூதரான ஐன்ஸ்டீன் நாஜிகளை வெளிப்படையாக எதிர்த்தவர். மார்ச்சில் கப்பலில் ஐரோப்பா திரும்பிக்கொண்டிருந்தபோதே, காப்புத் வீட்டில் சோதனை நடந்த செய்தி வந்தது. பெல்ஜியத்தில் இறங்கினார். ஜெர்மன் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்தார். ஜெர்மன் மண்ணில் பிறகு அவர் கால் வைக்கவே இல்லை. வங்கிப் பணம் முடக்கப்பட்டது. அந்தக் கோடையில் டூம்லரும் பறிமுதல் ஆனது. அடுத்த வருஷம் அரசாங்கமே அதை வேறு யாருக்கோ விற்றுவிட்டது. போர் முடிந்த பிறகு தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. காப்புத் வீடு இன்றும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். படகு மட்டும் என்ன ஆனது என்றே தெரியாது.

யோசிச்சுப் பாருங்க. 1932-ன் கடைசி சவாரியில், அதுதான் கடைசி என்று அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

டினெஃப்

1933 அக்டோபரில் நியூயார்க் வந்து இறங்கினார். பிரின்ஸ்டனில் வேலை. வயது 54. வீடு, நாடு, நண்பர்கள், படகு, எல்லாம் போயிருந்தது.

அவர் செய்த காரியங்களில் ஒன்று, இன்னொரு படகு வாங்கியது. டூம்லர் மாதிரி மஹோகனி எல்லாம் இல்லை. அதைவிடச் சின்னது, சாதாரணமானது. பெயர் டினெஃப். இத்திஷ் மொழியில் ஒன்றுக்கும் உதவாத பொருள், குப்பை என்று அர்த்தம். நம்ம ஊர்ப் பாஷையில் உதவாக்கரை.

அந்த உதவாக்கரையோடு சந்தோஷமாக இருந்தார் என்பதுதான் விஷயம். பிரின்ஸ்டன் பக்கத்துக் கார்னகி ஏரியில் ஓட்டினார். கோடையில் கடலோர ஊர்களுக்குப் போனார். 1935-ல் ஓல்ட் லைம் என்ற ஊரில் கடல் வற்றும் நேரத்தில் மணல் திட்டில் மாட்டிக்கொண்டார். நியூயார்க் பத்திரிகை ஒன்று ரிலேட்டிவிட்டியை வைத்தே கிண்டலாகத் தலைப்புப் போட்டது. 1936 டிசம்பரில் மனைவி எல்சா இறந்தார். அதற்குப் பிறகும் கோடை வந்தால் படகு தண்ணீரில் இறங்கியது.

1939 கோடையில் லாங் ஐலண்டில் நாசா பாயின்ட் என்ற இடத்தில் படகு விடுமுறை. (ராக்கெட் விடும் நாசா இல்லை, இது வேறு.) அந்த வீட்டைத் தேடிக்கொண்டுதான் லியோ சிலார்ட் வந்தார். பெர்லினில் ஐன்ஸ்டீனோடு சேர்ந்து ஃப்ரிட்ஜ் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கிய அதே சிலார்ட். இந்தத் தடவை பேச்சு யுரேனியம் பற்றி. ஜெர்மனி அணுகுண்டு செய்துவிடக்கூடும் என்று அதிபர் ரூஸ்வெல்ட்டை எச்சரிக்கும் கடிதத்தில் ஐன்ஸ்டீன் கையெழுத்திட்டார். தேதி 1939 ஆகஸ்ட் 2. பின்னால் அதற்காக வருந்தவும் செய்தார். உலகத்தையே மாற்றிய அந்தக் காகிதம், படகு ஓட்ட வந்த ஒருவரின் விடுமுறை வீட்டிலிருந்து போனது.

வயதானதும் படகை விட்டுவிட வேண்டியதாயிற்று. 1955 ஏப்ரல் 18 அன்று பிரின்ஸ்டனில் இறந்தார்.

இவ்வளவு சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஃபைனல் இயர் படிக்கும் நமக்கும் ஒரு சீசன் முடியப்போகிறது. சிலருக்கு மறுபடி வசந்தம் இதே இடத்தில் வரும், சிலருக்கு வராது. எது கடைசி சவாரி என்று யாரும் முன்கூட்டியே சொல்லப்போவதில்லை. அதனால் பாயை ஒழுங்காகக் காயவைத்து மடிச்சு வைங்க. ஒருவேளை அந்தப் படகு திரும்பக் கிடைக்கவில்லை என்றால், அடுத்த ஊரில் ஒரு உதவாக்கரை கிடைக்கும். காற்று அங்கேயும் அதே காற்றுதான்.