எழுபதுக்குப் பிறகும் மைதானத்தில்

பணி ஓய்வு நெருங்குகிறதே என்று கவலையா? அமோஸ் அலோன்சோ ஸ்டாக் கதையைக் கேளுங்கள்.

1862-இல் பிறந்த இவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் 41 பருவங்கள், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்துக்குப் பயிற்சியாளராக இருந்தார். 70 வயதானதும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். வேறு பதவி தருவதாகச் சொன்னார்கள்; அவர் ஏற்கவில்லை. 1933-இல் கலிபோர்னியாவின் சிறிய பசிபிக் கல்லூரியில் மீண்டும் பயிற்சியாளரானார். 1943-இல், 81 வயதில், அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்வானார். பிறகு பென்சில்வேனியாவின் சஸ்குவஹன்னாவில் மகனோடு சேர்ந்து பயிற்சி கொடுத்தார். 1965-இல், 102 வயதில் மறைந்தார். சிறு கல்லூரிகளின் இறுதிப்போட்டிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற நண்பர்களே, மாலையில் நம் வளாகப் பிள்ளைகளுக்கு உங்களுக்குத் தெரிந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கலாமே!