வெள்ளைப் போத்தலின் கணக்கு: பெற்றி நெஸ்மித் கிரஹாம் (1924–1980)

அலுவலகங்களில் வேலை பார்த்த எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தச் சின்ன வெள்ளைப் போத்தலைத் தெரியாமல் இருக்காது. மூடியோடு ஒட்டிய ஒரு தூரிகை. பிழைவிட்ட எழுத்தின் மேல் ஒரு பூச்சுப் பூசி, ஊதிக் காயவிட்டு, அதன்மேல் சரியான எழுத்தை அடித்தால் வேலை முடிந்தது. ஐரோப்பாவில் இருப்பவர்கள் அதை ரிப்பெக்ஸ் என்கிறோம், கனடாவில் இருப்பவர்கள் வைற்-அவுட் என்கிறோம். அமெரிக்காவில் இந்தச் சாமானை லிக்விட் பேப்பர் என்ற பெயரில் வீட்டுக் குசினியில் கலக்கத் தொடங்கி, உலகம் முழுவதும் விற்கும் நிலைக்குக் கொண்டுவந்தவர் ஒரு தட்டச்சுக்காரப் பெண். தனியாகப் பிள்ளை வளர்த்த தாய்.

கணக்கு வேலை செய்யும் எங்களுக்கு அந்தப் போத்தலோடு அவ்வளவு நல்ல உறவு கிடையாது. பேரேட்டில் பிழை வந்தால் அதை மறைக்கக் கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த முதற்பாடம். பிழையான தொகையின் குறுக்கே ஒரு கோடு, மேலே சரியான தொகை, பக்கத்தில் சுருக்கொப்பம். கணக்காய்வாளர் வந்து பார்க்கும்போது என்ன நடந்தது என்பது தெரியவேண்டும். இருந்தாலும் பெற்றி நெஸ்மித் கிரஹாமின் வாழ்க்கையை எங்கள் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது என்று நினைக்கிறோம். குசினி மேசையில் தொடங்கிய ஒரு தொழில் எப்படி வளர்ந்தது, வளர்ந்த பிறகு அது எப்படி உரியவரின் கையைவிட்டுப் போகப் பார்த்தது என்ற இரண்டும் அந்த வாழ்க்கையில் இருக்கின்றன.

பெற்றி 1924 மார்ச் 23ஆம் திகதி டெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரில் பிறந்தார். பிறந்தபோது பெயர் பெற்றி கிளேர் மக்மறி. தாய் சித்திரம் வரைபவர், பின்னல் நூல் விற்கும் கடையும் வைத்திருந்தார். தகப்பன் வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் வேலை பார்த்தார். பெற்றி 17 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, சட்டத்தரணிகளின் அலுவலகமொன்றில் செயலாளர் வேலைக்குப் போனார். தட்டச்சு அடிக்கத் தெரியாமலே அந்த வேலை கிடைத்தது. அலுவலகமே அவரைப் பயிற்சிக்கு அனுப்பிப் படிப்பித்தது.

1942இல் வொரன் நெஸ்மித்தைக் கலியாணம் செய்தார். கணவன் யுத்தத்துக்குப் போனார். அந்த வருடக் கடைசியில் மகன் மைக்கல் பிறந்தான். யுத்தம் முடிந்து கணவன் திரும்பி வந்தும் குடும்பம் நிலைக்கவில்லை. 1946இல் விவாகரத்து. 22 வயதில், கையில் ஒரு பிள்ளையோடு, தட்டச்சுச் சம்பளம் ஒன்றை மட்டும் நம்பி வாழவேண்டிய நிலை. யுத்தத்துக்குப் பிறகு தனித்து நின்ற தாய்மாரை எங்கள் சமூகத்தில் நிறையக் கண்டிருக்கிறோம். அந்த வீட்டில் மாதக் கடைசி எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை.

படிப்படியாக உயர்ந்து, 1951 அளவில் டலஸில் டெக்சாஸ் பாங்க் அண்ட் ட்ரஸ்ட் என்ற வங்கியின் தலைவருக்குச் செயலாளரானார். அக்காலத்தில் ஒரு தட்டச்சுக்காரப் பெண் எட்டக்கூடிய உயரம் ஏறக்குறைய அவ்வளவுதான். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. அதைக் கொண்டுவந்தது புதிதாக வந்த மின் தட்டச்சுப் பொறி.

கையால் அடிக்கும் பழைய பொறியில் எழுத்துத் தண்டைத் தூக்கி அடிப்பது விரலின் பலம். விரல் அழுத்தாமல் எழுத்து விழாது. ஐ.பி.எம். நிறுவனத்தின் மின் பொறியில் அந்த வேலையை மோட்டார் செய்தது. உள்ளே ரப்பர் பூசிய உருளையொன்று ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். விசையை மெல்லத் தொட்டாலே போதும், ஒரு சிறு நெம்பு விடுபட்டு உருளையில் பிடித்து, எழுத்துத் தண்டைத் தாளில் எறியும். விரல் நோகாது, வேகமும் கூடும். ஆனால் களைத்துப்போன விரல் சும்மா பட்டாலும் எழுத்து விழுந்துவிடும். பழைய பொறியில் பழகிய கைகளுக்குப் பிழைகள் கூடின.

பிழை கூடிய அதே நேரத்தில் அதைத் திருத்தும் வழியும் அடைபட்டது. பழைய பொறியின் துணி ரிப்பனில் இருந்த மை தாளுக்குள் ஊறிவிடும். ரப்பரால் கவனமாகச் சுரண்டினால் ஒருவாறு போகும். புதிய பொறிகளில் வந்த காபன் படல ரிப்பன் வேறு விதம். மெல்லிய படலத்தில் பூசிய காபன் அப்படியே பெயர்ந்து தாளின் மேல் ஒட்டிக்கொள்ளும். எழுத்து அச்சடித்த புத்தகம்போலக் கறுப்பாக, கூர்மையாக இருக்கும். ரப்பரை வைத்துத் தேய்த்தாலோ அந்தக் காபன் இழுபட்டுத் தாள் முழுக்கக் கறுப்பாகிவிடும். கடைசி வரியில் ஒரு எழுத்துப் பிழைத்தால் பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்கவேண்டும். பொறியைச் செய்தவர்களின் கணக்கில் அது ஒரு முன்னேற்றம். அந்த முன்னேற்றத்தின் செலவு தட்டச்சுக்காரியின் நேரத்தில் பற்று வைக்கப்பட்டது.

பெற்றிக்கு யோசனை வந்தது தட்டச்சு மேசையில் அல்ல. பண்டிகைக் காலத்தில் வங்கியின் கண்ணாடி யன்னல்களில் சித்திரம் வரைவார்கள். அப்படி வரையும்போது கோடு பிழைத்தால் யாரும் அதை அழிப்பதில்லை, அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசிவிடுகிறார்கள். சித்திரக்காரியின் மகளான பெற்றிக்கு இது மனதில் பட்டது. நீரில் கரையும் வெள்ளை நிறப்பூச்சை ஒரு சிறு போத்தலில் ஊற்றி, தாளின் நிறத்துக்கு ஏற்பக் கலந்து, நீர்வர்ணத் தூரிகையோடு அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். பிழைவிட்ட இடத்தில் பூசினார். மேலதிகாரி கவனிக்கவேயில்லை. ஏறக்குறைய ஐந்து வருடங்கள் அதைச் சத்தமில்லாமல் பாவித்தார்.

பக்கத்து மேசைப் பெண்கள் கண்டுபிடித்துத் தங்களுக்கும் கேட்கத் தொடங்கினார்கள். 1956இல் மிஸ்டேக் அவுட் என்ற பெயரை ஒட்டி விற்க ஆரம்பித்தார். கலவை விரைவாகக் காயவேண்டும், காய்ந்தபின் வெடித்து உதிரக்கூடாது, போத்தலுக்குள் கட்டியாகக்கூடாது. இந்த மூன்றுக்கும் வழி தேடி நூலகத்தில் படித்தார். மகனின் பள்ளிக்கூட இரசாயன ஆசிரியரிடம் கேட்டார். நிறப்பூச்சுத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவரிடமும் கேட்டார். குசினிக் கலப்பானில் கலந்தார். மகன் மைக்கலும் அவனுடைய கூட்டாளிகளும் மணித்தியாலத்துக்கு ஒரு டொலர் கூலிக்கு வாகனக் கொட்டிலில் இருந்து போத்தல்களை நிரப்பினார்கள். 1957இல் மாதம் நூறு போத்தல் அளவில் விற்பனையானது. ஐ.பி.எம். நிறுவனத்திடமும் கொண்டுபோய்க் காட்டினார். அவர்கள் எடுக்கவில்லை.

1958இல் இரண்டு காரியங்கள் நடந்தன. வங்கியின் கடிதமொன்றில் வங்கியின் பெயருக்குப் பதிலாகத் தன் சொந்த நிறுவனத்தின் பெயரைத் தவறுதலாக அடித்துவிட்டார். பகல் முழுவதும் வங்கி, இரவு முழுவதும் போத்தல் என்று வாழ்பவருக்கு அது வரக்கூடிய பிழைதான். அதற்காக வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதே வருடம் அலுவலகப் பாவனைப் பொருட்களைப் பற்றிய சஞ்சிகை ஒன்றில் அவருடைய போத்தலைப் பற்றிய குறிப்பு வெளியாகி, ஐந்நூறு அளவில் கேள்விகள் வந்து குவிந்தன. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 400க்கும் மேற்பட்ட போத்தல்களுக்கு ஓடர் கொடுத்தது. பெயரும் லிக்விட் பேப்பர் என்று மாறியது. மாதச் சம்பளம் நின்றுபோனதால் தொழிலை முழுநேரமாகப் பார்க்கவேண்டியதாயிற்று.

1962இல் றொபேட் கிரஹாம் என்ற விற்பனையாளரைக் கலியாணம் செய்தார். இருவரும் சேர்ந்து ஊர் ஊராகப் போய் விற்றார்கள், கணவன் நிறுவன நிர்வாகத்திலும் இணைந்துகொண்டார். 1968இல் சொந்தத் தொழிற்சாலை, வருடத்துக்குப் பத்து லட்சம் போத்தல். 1970களின் நடுப்பகுதியில் வருடத்துக்குச் சுமார் 25 மில்லியன் போத்தல்கள், 31 நாடுகளில் விற்பனை. இதற்கிடையில் 1973இல் ஐ.பி.எம். தன் பொறிக்குள்ளேயே எழுத்தை ஒட்டி எடுத்துவிடும் திருத்தும் நாடாவைக் கொண்டுவந்தது. அப்படியும் போத்தலின் விற்பனை விழவில்லை. ஏனெனில் உலகத்தின் அலுவலகங்களில் பெரும்பாலானவற்றில் பழைய பொறிகளே ஓடிக்கொண்டிருந்தன. புதுப்பொறி வாங்க வசதியில்லாதவர் ஒரு போத்தல் வாங்கலாம்.

தன் தொழிற்சாலையில் பெற்றி ஊழியரின் பிள்ளைகளைப் பார்க்க ஒரு பராமரிப்பு நிலையம் வைத்தார். நூலகம் வைத்தார். ஊழியர் கடன் சங்கமும் இருந்தது. பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்ற கேள்வியோடு வாழ்ந்த ஒருவர் முதலாளியானதால் வந்த ஏற்பாடுகள் இவை.

1975இல் இரண்டாவது கலியாணமும் முறிந்தது. இந்த இடத்தை எங்கள் வாசகர்கள் சற்று நிதானமாக வாசிக்கவேண்டும். நிறுவனம் முன்னாள் கணவனின் ஆட்களின் கைக்குப் போயிற்று. தான் கட்டிய கட்டடத்துக்குள்ளேயே போக முடியாத நிலை பெற்றிக்கு வந்தது. அதோடு நிற்கவில்லை. விற்கும் ஒவ்வொரு போத்தலுக்கும் அவருக்கு உரிமைத்தொகை சேரவேண்டும் என்பது ஏற்பாடு. அந்த உரிமை அவருடைய கலவைக்குத்தான். ஆகவே கலவையைச் சற்று மாற்றிவிட்டால் உரிமைத்தொகை கொடுக்கவேண்டியதில்லை என்று ஒரு திட்டம் போட்டார்கள். வெளியே அதே வெள்ளைப் போத்தல், உள்ளே அவருடைய பெயரை அழிக்கும் பூச்சு.

உடல்நலம் கெட்டிருந்த நிலையிலும் பெற்றி விடவில்லை. நிறுவனத்தில் அவர் கைவிடாமல் வைத்திருந்த பங்குகள் உதவின. போராடிக் கட்டுப்பாட்டைத் திரும்ப எடுத்து, 1979இல் நிறுவனத்தை ஜிலெட் நிறுவனத்துக்கு 47.5 மில்லியன் டொலருக்கு விற்றார். அதற்கு மேலாக, 2000ஆம் ஆண்டு வரை விற்கும் ஒவ்வொரு போத்தலுக்கும் உரிமைத்தொகை வரும்படியும் ஒப்பந்தம் செய்தார். சில மாதங்களில், 1980 மே 12ஆம் திகதி, 56 வயதில் காலமானார். சொத்தில் ஒரு பாதி மகனுக்குப் போனது. அந்த மைக்கல் நெஸ்மித் அதற்குள் மங்கீஸ் இசைக்குழுவின் மூலம் உலகமறிந்த பாடகராகியிருந்தார். மறுபாதி, பெண்களின் முன்னேற்றத்துக்கும் கலைக்கும் என்று அவர் ஏற்கெனவே தொடங்கியிருந்த அறக்கட்டளைகளுக்குப் போனது.

எங்கள் ஊர்த் தமிழில் பொறியைப் பழுதுபார்ப்பதும் திருத்துவதுதான், எழுத்துப் பிழையை மாற்றுவதும் திருத்துவதுதான். இன்றும் பழைய மின் தட்டச்சுப் பொறிகளைத் தேடி வாங்கித் திருத்துபவர்கள் இருக்கிறார்கள். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் பெற்றியின் வெள்ளைத் துகள்கள்தான். தாள் உருளையில் காய்ந்து ஒட்டியிருக்கும், எழுத்துக்களின் குழிகளில் அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் எழுத்துத் தெளிவாக விழாது. பிறகுதான் மற்றப் பழுதுகள். மோட்டார் சுற்றியும் ஒன்றும் அசையாவிட்டால் பெல்ற்றைப் பார்ப்பார்கள். எழுத்துத் தண்டு பாதிவழியில் நின்றால் பழைய எண்ணெய் பசையாக இறுகியிருக்கும். அதைக் கழுவி எடுக்காமல் மேலும் எண்ணெய் விட்டால் பழுது கூடும். தொட்டால் எழுத்து விழாமலோ இரண்டு தரம் விழுந்தாலோ, ரப்பர் உருளை வழுவழுத்துப் போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தத் துகள்கள், பொறி செய்தவர்கள் கவனிக்காமல் விட்ட குறையைப் பெண்கள் தங்கள் கையால் திருத்திக்கொண்டதற்குச் சாட்சி.

பெற்றியின் வாழ்க்கையைக் கணக்காளரின் கண்ணால் பார்க்கும்போது எங்களுக்கு இரண்டு விடயங்கள் படுகின்றன. ஒன்று, குறையைத் திருத்தியவர் அதனால் பாதிக்கப்பட்டவர். பொறியைச் செய்தவர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. இரண்டு, அவரைக் கடைசியில் காப்பாற்றியது அவருடைய திறமை மட்டுமல்ல, எழுத்தில் இருந்த உரிமையும்தான். பங்குகள் அவர் பெயரில் இருந்தன. உரிமைத்தொகை எழுத்தில் இருந்தது. அவை இல்லாவிட்டால் கலவையை மாற்ற வேண்டிய தேவைகூட அவர்களுக்கு வந்திருக்காது.

புலம்பெயர்ந்த எங்கள் வீடுகளில் இன்று எத்தனையோ பெண்கள் குசினியிலிருந்து தொழில் செய்கிறார்கள். மிளகாய்த்தூள் இடித்து விற்கிறார்கள், பலகாரம் செய்து கொடுக்கிறார்கள், சட்டை தைக்கிறார்கள். வியாபாரம் பெருகி நிறுவனமாகப் பதியும்போது பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கிறது? வங்கிக் கணக்கு யாருடையது? பக்குவம் தெரிந்தவருக்குப் பங்கு எழுதப்பட்டிருக்கிறதா? குடும்பத்துக்குள் இதைக் கதைப்பது அவநம்பிக்கை ஆகாது. எல்லோரும் சந்தோசமாக இருக்கும் காலத்தில் எழுதினால் அது ஒரு பின்னேர வேலை. மனஸ்தாபம் வந்த பிறகு எழுதப்போனால் சட்டத்தரணிக்குக் கொடுத்தே காசு முடிந்துவிடும். இந்த வருட வரிக் கணக்குக்குப் பத்திரங்களை வெளியே எடுக்கும்போது அந்த ஒரு பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.