பூ. ச. குமாரசாமி ராஜா அவர்கள்

நம் இராஜபாளையத்தில் 1898-ஆம் ஆண்டு தோன்றிய குமாரசாமி ராஜா அவர்கள், இளமையிலேயே பெற்றோரை இழந்து பாட்டியாரால் வளர்க்கப்பெற்றவர். 1949-இல் சென்னை மாகாண முதன்மந்திரியானார். கல்லூரிகளில் வகுப்புவாரியாக இடமளித்த அரசாங்க உத்தரவு அவர் காலத்தில் வழக்கிற்கு உள்ளாயிற்று. 1950-இல் சென்னை உயர்நீதிமன்றமும், 1951-இல் உச்சநீதிமன்றமும் அது அரசியலமைப்பிற்கு முரணெனத் தள்ளின. ஏழைப் பிள்ளைகள் பலரின் கல்வி கேள்விக்குறியாயிற்று. தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டே பாராளுமன்றம், பிற்பட்டோர்க்குத் தனியேற்பாடு செய்ய இடந்தந்து, அரசியலமைப்பை முதன்முறையாகத் திருத்திற்று.

1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அண்டையூராகிய ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் ராஜா அவர்கள் தோல்வியுற்றார். வாக்காளர் தீர்ப்பிற்கு முதன்மந்திரியும் விலக்கல்லர். பின்னர் ஒரிஸ்ஸா கவர்னராக விளங்கி, 1957-இல் காலமானார்.

சட்டம் ஒருவர் வாய்மொழியாற் பிறப்பதன்று. சட்டமன்றம் இயற்றும், நீதிமன்றம் ஆராயும், பாராளுமன்றம் திருத்தும், இவற்றிற்கெல்லாம் வேராவது குடிகளின் வாக்கு. இதனை நம் சிறார்க்கு அவர் வரலாற்றாலேயே உணர்த்துவோமாக.