பெரிய ஏரோது

பெரிய ஏரோது (ஏறத்தாழ கி.மு. 73 – கி.மு. 4) என்பவர் ரோமின் மேலாண்மைக்கு உட்பட்டு யூதேயாவை ஆண்ட மன்னர் ஆவார். இவர் முதலாம் ஏரோது எனவும் அழைக்கப்படுகிறார். எருசலேம் கோயிலைப் புதுப்பித்துக் கட்டியவர் எனவும், சொந்தக் குடும்பத்தினரையே கொல்வித்தவர் எனவும் அறியப்படுகிறார். மதம் மாறிய குடியில் பிறந்த இவர் யூதரா அந்நியரா என்னும் கேள்வி இவரது வாழ்நாளிலேயே எழுந்தது. பண்டைக் காலத்தில் யூதர் என்ற அடையாளம் எதனால் அமைந்தது என்பதை ஆராய்வோர் இவரது வாழ்க்கையை முக்கியமான சான்றாகக் கொள்கின்றனர்.

முன்னோர்

ஏரோதின் தந்தை அந்திப்பாத்தர் யூதேயாவுக்குத் தெற்கே இருந்த இதுமேயா நாட்டவர். தாய் கிப்ரோஸ் நபாத்திய அரபுக் குலத்தைச் சேர்ந்தவர். இதுமேயர், விவிலியம் கூறும் ஏசாவின் வழிவந்த ஏதோமியராகக் கருதப்பட்டனர். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அஸ்மோனிய ஆட்சியாளர் யோவான் ஹிர்க்கானஸ் இதுமேயாவைக் கைப்பற்றினார். விருத்தசேதனம் செய்து யூதச் சட்டங்களை ஏற்போர் மட்டுமே அங்கு வாழலாம் என அவர் ஆணையிட்டதாக வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். ஆனால் இதுமேயர் தாமே யூதருடன் இணைந்து அவர்களது வழக்கங்களை ஏற்றனர் என்பது கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோவின் கூற்று.

அரியணை

அந்திப்பாத்தர் யூலியஸ் சீசருக்குப் போரில் உதவியதால் கி.மு. 47இல் ரோமக் குடியுரிமை பெற்றார். அதே ஆண்டில் ஏரோது கலிலேயாவின் ஆளுநரானார். கி.மு. 40இல் பார்த்தியர் படையெடுத்து அஸ்மோனிய இளவரசர் அந்திகோனஸை அரியணையில் அமர்த்தினர். ரோமுக்குத் தப்பிச் சென்ற ஏரோதை அங்குள்ள செனட் அவை யூதேயாவின் மன்னராக அறிவித்தது. கி.மு. 37இல் அவர் ரோமப் படையின் துணையுடன் எருசலேமைக் கைப்பற்றினார். அவ்வாண்டிலேயே அஸ்மோனிய இளவரசி மரியாம்னேயை மணந்தார்.

பிறப்பு பற்றிய சர்ச்சை

ஏரோது பாதி யூதரே, ஆகவே அரசுரிமை அற்றவர் என்று அந்திகோனஸ் வாதிட்டதாக யோசேபஸ் குறிப்பிடுகிறார். இதற்கு மாறாக, அந்திப்பாத்தரின் குடும்பம் பாபிலோனிலிருந்து திரும்பிய உயர்குடி யூதர் வழிவந்தது என அரசவை வரலாற்றாசிரியர் தமஸ்கு நிக்கோலாஸ் எழுதினார். இது மன்னரை மகிழ்விக்க எழுதப்பட்டது என்பது யோசேபஸின் கருத்து. ஏரோது தம் பிறப்பை மறைக்க வம்சாவளிப் பதிவுகளை எரித்தார் என்று 3ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ எழுத்தாளர் யூலியஸ் ஆப்பிரிக்கானஸ் கூறுகிறார். இச்செய்தி யோசேபஸின் நூல்களில் இல்லை.

தாய்வழியே யூத அடையாளம் அமையும் என்ற விதி பிற்கால ரபிகளின் சட்டத்திலேயே தெளிவாகக் காணப்படுகிறது. ஏரோதை எதிர்த்தோர் தாயின் குலத்தைவிடத் தந்தையின் இதுமேயப் பிறப்பையே பெரிதும் சுட்டினர்.

சமய வாழ்வு

ஏரோது தம்மை யூதராகவே கருதினார். இவரது நாணயங்களில் மனித உருவங்கள் இல்லை. அரண்மனைகளில் சமயத் தூய்மைக்கான நீராடு தொட்டிகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. நபாத்திய அமைச்சர் சில்லேயஸ் இவரது தங்கை சலோமேயை மணக்க விரும்பியபோது, யூத வழக்கங்களை ஏற்க வேண்டும் என நிபந்தனை விதிக்கப்பட்டது. அவர் மறுத்ததால் திருமணம் நடைபெறவில்லை. அதே வேளையில் செசரியா முதலிய நகரங்களில் பேரரசர் அகஸ்டசுக்கும் ஏரோது கோயில்கள் எழுப்பினார்.

எருசலேம் கோயில் திருப்பணி கி.மு. 20 அளவில் தொடங்கியது. புனிதப் பகுதிகளில் பணிபுரிய 1000 குருக்களுக்குக் கட்டடவேலை கற்பிக்கப்பட்டது. குருகுலத்தில் பிறவாத ஏரோது தாம் கட்டுவித்த கோயிலின் உட்பகுதிக்குள் நுழைய முடியவில்லை. தலைமைக் குருவாகவும் இயலவில்லை.

இறுதிக் காலம்

அரியணைக்குப் போட்டியாகக் கூடும் என்று அஞ்சி அஸ்மோனியக் குருதியினரை ஏரோது ஒவ்வொருவராக அழித்தார். மரியாம்னே கி.மு. 29இலும், அவர் பெற்ற மகன்கள் இருவர் கி.மு. 7இலும் கொல்லப்பட்டனர். பெத்லகேமின் ஆண் குழந்தைகளை இவர் கொல்வித்ததாக மத்தேயு நற்செய்தி கூறுகிறது. யோசேபஸ் அதனைக் குறிப்பிடவில்லை. கி.மு. 4இல் எரிக்கோவில் இறந்த ஏரோது, எரோடியம் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிற்காலம்

கி.பி. 66இல் தொடங்கிய ரோமருக்கு எதிரான யூதப் போரில், ஏறத்தாழ 20,000 இதுமேயர் எருசலேமுக்குப் படைதிரண்டு வந்ததாக யோசேபஸ் பதிவு செய்துள்ளார். ஏரோதின் வழிவந்த அகிரிப்பா மன்னர், அந்நியனை அரசனாக்கலாகாது என்ற சட்டப் பகுதியைக் கோயிலில் வாசிக்கையில் கண்ணீர் விட்டார் என்றும், மக்கள் அவரைத் தம் சகோதரர் என அழைத்துத் தேற்றினர் என்றும் யூத நூலான மிஷ்னா கூறுகிறது.