பாட்டு வாத்தியார் செய்த டெலஸ்கோப்

லண்டன் நகரம். 1772-ம் ஆண்டு, ஆகஸ்டு மாதம்.

பொழுது சாய்ந்துவிட்டது. கடைகளில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். ஓர் அண்ணனும் தங்கையும் கடைத்தெருவில் நடந்து போனார்கள். அண்ணனுக்கு வயது 33. தங்கைக்கு 22. தங்கை, ஜெர்மனியில் உள்ள சொந்த ஊரைவிட்டு அப்போதுதான் முதல் தடவையாக இங்கிலாந்துக்கு வந்திருந்தார்.

துணிக்கடை முன்பு அண்ணன் நிற்கவில்லை. நகைக்கடை முன்பும் நிற்கவில்லை. மூக்குக் கண்ணாடியும் டெலஸ்கோப்பும் விற்கும் கடைகளைக் கண்டால் மட்டும் அவர் கால்கள் நின்றுவிடும்! அன்று லண்டனில் பார்த்தவற்றில், அந்தக் கடைகள் மட்டும்தான் பிற்காலத்தில் தங்கையின் நினைவில் இருந்தன.

அண்ணன் பெயர் வில்லியம் ஹெர்ஷல். தங்கை பெயர் கரோலின். அதன் பிறகு 9 ஆண்டு நிறைவதற்குள், யுரேனஸ் என்ற கிரகத்தைக் கண்டுபிடித்து, உலகம் முழுவதும் தன் பெயரைச் சொல்ல வைத்தார் அந்த அண்ணன்.

ஆனால், அன்று அவர் வானநூல் படித்தவர் அல்ல. பாட்டு வாத்தியார்.

பட்டாளத்து பாண்டு

ஹெர்ஷல் 1738-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி ஜெர்மனியில் உள்ள ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தை பட்டாளத்து பாண்டு வாத்தியக்காரர். மகனும் 14-வது வயதில் அதே பாண்டில் சேர்ந்தார்.

1757-ல் பிரெஞ்சுப் படை ஹனோவர் மீது பாய்ந்தது. ஹெர்ஷல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். கையில் காசு இல்லை. பாட்டுக்குரிய இசைக் குறிப்புகளைப் பிரதி எடுத்துக் கொடுத்து வயிறு வளர்த்தார். ஊர் ஊராகச் சுற்றினார். கடைசியில், 1766-ல் பாத் நகரில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்தது. பாத், வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஊர். பணக்காரர்கள் குளிக்க வருவார்கள், கச்சேரி கேட்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து, ஹெர்ஷல் நன்றாகவே சம்பாதித்தார்.

தங்கையின் நிலைமை வேறு. கரோலினுக்கு 10 வயதில் கடுமையான காய்ச்சல் வந்தது. அதோடு வளர்ச்சி நின்றுவிட்டது. 4 அடி 3 அங்குலத்துக்கு மேல் அவர் வளரவில்லை. இவளுக்கு இனிமேல் கல்யாணம் ஏது என்று தாயார் முடிவு கட்டி, அடுப்படியில் உட்கார வைத்துவிட்டார். தாயாருக்கு ஒரு வேலைக்காரி வைத்துக்கொள்ளப் பணம் கொடுப்பதாக ஒப்புக்கொண்டுதான், தங்கையை ஹெர்ஷல் அழைத்து வந்தார். பாட்டுக் கற்றுக் கொடுத்து, மேடை ஏற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பாட்டில் இருந்து வானத்துக்கு

இசையின் கணக்கை விளக்கி, ராபர்ட் ஸ்மித் என்ற அறிஞர் ஒரு நூல் எழுதி இருந்தார். ஹெர்ஷல் அதைப் படித்தார். அதே ஆசிரியர், ஒளியைப் பற்றியும் ஒரு நூல் எழுதி இருந்தார். அதையும் வாங்கினார். டெலஸ்கோப் செய்யும் விதம் அதில் இருந்தது. பிடித்தது பைத்தியம்!

1773 மே மாதம், பெர்குசன் என்பவர் எழுதிய வானநூல் புத்தகத்தை வாங்கினார். படித்தால் போதுமா? அதில் உள்ளதை எல்லாம் கண்ணால் பார்க்க வேண்டுமே! எந்த டெலஸ்கோப்பை வாங்குவது?

முதலில், லென்ஸ் மட்டும் வாங்கிக் குழாயில் பொருத்திப் பார்த்தார். 4 அடி நீளக் குழாய். பிறகு 12 அடி, 15 அடி. கடைசியில் 30 அடி வரை போனார்! இவ்வளவு நீளம் எதற்கு? சாதாரண லென்ஸ் வழியாகப் பார்த்தால், நட்சத்திரத்தைச் சுற்றி வானவில் போல நிறங்கள் படரும். அந்தத் தொல்லை குறைய வேண்டுமானால், குழாய் நீளமாக இருக்க வேண்டும்.

ஒரு தடவை, சுமார் 20 அடி நீளத்துக்கு அட்டையினால் குழாய் செய்யும் வேலை கரோலின் தலையில் விழுந்தது. பாட்டுக் கற்க வந்தவர், அட்டையும் பசையுமாக உட்கார்ந்தார். குழாய் தயார் ஆயிற்று. ஆனால், தூக்கி நிறுத்தினால் நடுவில் தொய்ந்தது! வியாழனையும் சனியையும் ஹெர்ஷல் ஒருவரைத் தவிர, வீட்டில் வேறு யாராலும் பார்க்க முடியவில்லை. அட்டையை எறிந்துவிட்டுத் தகரக் குழாய் போட்டார்கள். தொய்வு போயிற்று. ஆனால், அத்தனை நீளக் குழாயை வைத்துக்கொண்டு மாரடிக்க முடியுமா?

அதே ஆண்டில், 2 அடி நீளமுள்ள ஒரு டெலஸ்கோப்பை ஹெர்ஷல் வாடகைக்கு எடுத்து வந்தார். இதில் லென்சுக்குப் பதிலாக, குழிந்த உலோகக் கண்ணாடி இருந்து ஒளியைத் திரட்டியது. நிறம் படரும் தொல்லை இல்லை. கைக்கு அடக்கமாக இருந்தது. இதுதான் நமக்கு ஏற்றது என்று ஹெர்ஷல் தெரிந்துகொண்டார். ஆனால், இன்னும் பெரிதாக வேண்டும்.

வாங்கிப் பார்த்து, வாடகைக்கு எடுத்துப் பார்த்து அவர் கற்ற பாடம் இன்றும் செல்லும். 500 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பெட்டியின் மேல் அச்சடித்து, இப்போதும் டெலஸ்கோப் விற்கிறார்கள். மடங்கு என்பது கண்ணருகே வைக்கும் சிறு லென்சை மாற்றினால் மாறிவிடும். அதில் பெருமை ஒன்றும் இல்லை. ஒளியைத் திரட்டும் கண்ணாடி எத்தனை அகலம் என்பதே முதல் கேள்வி. 2 அங்குலக் கண்ணாடியைவிட, 6 அங்குலக் கண்ணாடி 9 மடங்கு ஒளியைத் திரட்டும். அடுத்தது, தாங்கி நிற்கும் கால். கால் ஆடினால் நட்சத்திரமும் ஆடும்!

விலை கட்டவில்லை

5 அல்லது 6 அடி டெலஸ்கோப்புக்கு ஏற்ற உலோகக் கண்ணாடி என்ன விலை என்று கேட்டு, ஹெர்ஷல் லண்டனுக்கு எழுதினார். அவ்வளவு பெரியது தயாராக இல்லை என்று பதில் வந்தது. ஒருவர் செய்து தருவதாகச் சொன்னார். ஆனால், அவர் கேட்ட விலை ஹெர்ஷலுக்குக் கட்டவில்லை.

பாத் நகரில், பொழுதுபோக்காக இந்தக் கண்ணாடிகளைத் தேய்த்து வந்த ஒருவர் இருந்தார். அவருக்கு அதில் ஆசை விட்டுப்போயிற்று. அவரிடம் இருந்த கருவிகளையும், அரைகுறையாகக் கிடந்த கண்ணாடிகளையும் ஹெர்ஷல் விலைக்கு வாங்கினார்.

அதோடு வீடு வீடாக இல்லை! விருந்தாளிகள் உட்காரும் கூடத்தில் தச்சர் குழாய் செய்தார். படுக்கை அறையில் கடைசல் எந்திரம் வந்து உட்கார்ந்தது. கச்சேரி முடிந்து வந்ததும், உடை மாற்றக்கூடப் பொறுக்காமல் ஹெர்ஷல் பட்டறையில் புகுந்துவிடுவார். சட்டைக் கையில் இருந்த விலை உயர்ந்த சரிகைப் பின்னல் கிழியும், கீல் ஒட்டும்.

செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்த்த கண்ணாடியை, கீல் பூசிய கருவியால் தேய்த்து மெருகு ஏற்ற வேண்டும். நடுவில் கையை எடுத்தால் வேலை கெட்டுவிடும். ஒரு முறை 16 மணி நேரம் ஹெர்ஷல் கையை எடுக்கவே இல்லை. கரோலின் பக்கத்தில் நின்று, குழந்தைக்கு ஊட்டுவதுபோல் அண்ணன் வாயில் உணவை ஊட்டினார். அலுப்புத் தெரியாமல் இருக்க, அராபியக் கதைகள் படித்துக் காட்டினார்.

1774 மார்ச் 1-ந் தேதி, தான் செய்த ஐந்தரை அடி டெலஸ்கோப்பை ஹெர்ஷல் வானத்துக்குத் திருப்பினார். மிருகசீரிடக் கூட்டத்தில் உள்ள ஒளி மேகம் தெரிந்தது. சனியின் வளையமும் தெரிந்தது.

தெருவில் நின்ற மனிதர்

பிறகு, 7 அடி நீள டெலஸ்கோப் ஒன்று செய்தார். கண்ணாடியின் அகலம் 6 அங்குலத்துக்குச் சற்று அதிகம். மரச் சட்டத்தில் ஆடாமல் நிற்கும். ஒரே ஆள் வேண்டிய பக்கம் திருப்பலாம். அவர் செய்தவற்றில் இதுதான் மணியானது.

1779 டிசம்பரில் ஓர் இரவு, வீட்டு வாசலில் தெருவிலேயே அதை நிறுத்திச் சந்திரனைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்த வழியாக வந்த வாட்சன் என்ற டாக்டர், தானும் பார்க்கலாமா என்று கேட்டார். பார்த்தவர் அசந்துபோனார். அன்று முதல் இருவரும் நண்பர்கள். பாட்டு வாத்தியாரை விஞ்ஞானிகளுக்கு அறிமுகம் செய்துவைத்தவர் அந்த டாக்டர்தான்.

1781 மார்ச் 13-ந் தேதி, இரவு 10 மணிக்கு மேல். நியூ கிங் தெரு 19-ம் எண் வீட்டின் தோட்டத்தில் 7 அடி டெலஸ்கோப் நின்றது. ஹெர்ஷல் ஒவ்வொரு நட்சத்திரமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்று மட்டும் மற்றவைபோல் இல்லை. 227 மடங்கு காட்டும் லென்சை எடுத்துவிட்டு, 460 மடங்கு லென்ஸ் வைத்தார். பிறகு 932. நட்சத்திரம், எத்தனை மடங்கு வைத்தாலும் புள்ளிதான். இதுவோ பெரிதாகிக்கொண்டே போயிற்று!

வால் நட்சத்திரம் என்றுதான் ஹெர்ஷல் நினைத்தார். கணக்குப் போட்ட அறிஞர்கள், அது கிரகம் என்று கண்டார்கள். சனியைவிட இரண்டு மடங்கு தூரத்தில், சூரியனை ஒரு முறை சுற்ற 84 ஆண்டு எடுத்துக்கொள்ளும் புதிய கிரகம். 1690-லேயே பிளாம்ஸ்டீட் என்ற வானநூலார் அதைப் பார்த்து இருக்கிறார். நட்சத்திரம் என்று எழுதிவைத்துவிட்டார்.

இன்னும் பெரிய டெலஸ்கோப் வேண்டும் என்று ஹெர்ஷல் துடித்தார். 3 அடி அகலக் கண்ணாடியை வீட்டு நிலவறையிலேயே வார்ப்பது என்று தீர்மானம். அச்சு செய்வதற்குக் குதிரைச் சாணம் வந்தது. அதை இடித்துச் சலிப்பதில் கரோலினுக்கும் பங்கு! 1781 ஆகஸ்டில் முதல் வார்ப்பு, ஆறும்போது வெடித்துவிட்டது. மறுபடியும் 500 ராத்தலுக்கு மேல் உலோகத்தை உருக்கினார்கள். அது கசிந்து கல் தரையில் ஓடிற்று. பட்டாசுபோல் கற்கள் வெடித்துச் சிதறின. எல்லோரும் ஓட்டம் பிடித்தார்கள். ஹெர்ஷல் களைத்துப்போய், ஒரு செங்கல் குவியலின் மேல் விழுந்தார்.

அரண்மனை அழைப்பு

1782-ல் கிரீன்விச் அரசாங்க வான்கூடத்தில், ஹெர்ஷலின் 7 அடி டெலஸ்கோப்பை மற்றக் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டில் தேய்த்த கண்ணாடி ஜெயித்தது! மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஆண்டுக்கு 200 பவுன் சம்பளம் கொடுத்தார். பாட்டு வாத்தியார் வேலையில் அதைவிட அதிகம் வந்தது. ஹெர்ஷல் அதைப் பார்க்கவில்லை. பாட்டை விட்டார். குறைந்த பணத்தை, டெலஸ்கோப் செய்து விற்று ஈடுகட்டினார்.

கரோலினின் பாட்டும் அதோடு நின்றது. அவருக்கு நல்ல குரல். பர்மிங்காம் நகரில் பாட அழைப்பு வந்தபோது, அண்ணன் நடத்தாத கச்சேரியில் பாடுவது இல்லை என்று மறுத்தவர் அவர். இதில் அண்ணனுக்குக் கிடைத்தது பெரிது. தங்கை இழந்தது சிறிது என்று சொல்லிவிட முடியாது. 1783 டிசம்பர் 31-ந் தேதி இரவு, பனியில் ஓடியபோது, டெலஸ்கோப்பின் இரும்புக் கொக்கி அவர் தொடையில் பாய்ந்தது. படுத்து எழுந்து மறுபடியும் வேலைக்கு வந்தார். பிறகு, தனியாகவே 8 வால் நட்சத்திரங்களைக் கண்டார். 1787 முதல் அவருக்கும் ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம் கிடைத்தது.

மன்னர் கொடுத்த 4,000 பவுனில், 40 அடி நீள டெலஸ்கோப் ஒன்று 1789-ல் எழுந்தது. கண்ணாடியின் அகலம் 4 அடி. அதன் குழாயைத் தரையில் கிடத்தி இருந்தபோது, மன்னர் ஒரு பாதிரியாரின் கையைப் பிடித்து, மோட்சத்துக்கு வழி காட்டுவதாக வேடிக்கையாகச் சொல்லி, அதற்குள் நடத்திக்கொண்டு போனாராம்! ஆனால், அந்த ராட்சசக் கருவியைத் திருப்ப ஆட்கள் வேண்டும், நேரம் வேண்டும். கண்ணாடி அடிக்கடி மங்கியது. ஹெர்ஷல் பெரும்பாலும் தன் பழைய 20 அடி டெலஸ்கோப்பிலேயே பார்த்துவந்தார். யுரேனசின் 2 சந்திரன்களை 1787-ல் கண்டது அதில்தான்.

1822 ஆகஸ்டு 25-ந் தேதி, 83-வது வயதில் ஹெர்ஷல் காலமானார். கரோலின் 97 வயது வரை இருந்தார்.

பாத் நகரில் நியூ கிங் தெரு 19-ம் எண் வீடு, இப்போது ஹெர்ஷல் நினைவுக் காட்சிசாலை. யுரேனசைக் கண்ட தோட்டம் பின்புறம் இருக்கிறது. நிலவறைக்கு இறங்கினால், அன்று உலோகம் ஓடி வெடித்த கல் தரையை இன்றும் பார்க்கலாம்.