ஹென்றி மன்னனும் பிடரியில் உறைந்த குருதியும்

பிரான்சு நாட்டை ஆண்ட முதலாம் பிரான்சிசு மன்னனுக்கு 1519ஆம் ஆண்டில் இரண்டாம் மைந்தனாகப் பிறந்தவன் ஹென்றி. பாவியாப் போரிற் சிறைப்பட்ட தந்தையை மீட்டற்பொருட்டு, ஏழு வயது நிரம்பாத அவனும் தமையனும் 1526இல் ஸ்பெயினுக்குப் பிணையாக அனுப்பப்பட்டனர். நான்காண்டு அங்கே கழிந்தது. 1536இல் தமையன் இறக்கவே முடியுரிமை இவனுக்காயிற்று, 1547இல் அரசனானான். ஆங்கிலேயர் வசம் இரு நூற்றாண்டுக்கு மேலாக இருந்த கலே நகரை 1558இல் அவன் படை மீட்டது. அவன் ஆட்சியிற் புரட்டஸ்தாந்தர் பட்ட துன்பமும் பெரிது. அதனை மறைத்தல் முறையன்று.

எனினும், மருத்துவ நூலோர் அவனை நினைப்பது அவன் மாண்ட விதத்தினாலேயாம். 1559இல் ஸ்பெயினோடு சமாதானஞ் செய்து, மகளை அந்நாட்டரசன் பிலிப்புக்கும் தங்கையைச் சவோய்க் கோமகனுக்கும் மணம் பேசினான். அவ்விழாவிலே, ஜூன் 30ஆந் திகதி, பாரிசு நகரத்து வீதியொன்றில் நிகழ்ந்த குதிரையேற்ற ஈட்டிப் போட்டியில் நாற்பது வயது மன்னன் தானும் இறங்கினான். மொங்கொமரி என்னும் படைத்தலைவனோடு மோதியபோது அவனது ஈட்டி முறிந்தது. சிராய்கள் முகக்கவசத்தினூடே புகுந்து மன்னனின் வலக்கண் பக்கத்தே தைத்தன.

புகழ்பெற்ற சத்திரவைத்தியர் அம்புரோசு பாரே அழைக்கப்பட்டார். உடற்கூற்று மேதை வெசாலியசைப் பிலிப்பு மன்னன் பிரசெல்சிலிருந்து அனுப்பினான். சிராய்களை எடுத்தனர், புண்ணைக் கழுவினர். காய்ச்சல் ஏறிற்று. பதினோராம் நாளாகிய ஜூலை 10இல் மன்னன் உயிர்நீத்தான்.

மண்டையைத் திறந்தபோதே உண்மை வெளிப்பட்டது. அடிபட்ட நெற்றியில் என்பு உடையவில்லை. அதற்கு நேரெதிரே, பிடரிப்பக்கத்தில், மூளையைப் போர்த்த சவ்வுகளிடையே குருதி திரண்டிருந்தது. அவ்விடத்து மூளையும் நிறம்மாறிப் பழுதுற்றிருந்தது. புண் கண்ணிலே, கேடு பிடரியிலே! தலை சடுதியில் அதிரும்போது மூளை மண்டையோட்டினுள் அசைகின்றது. மூளைப்பரப்பிலிருந்து வெளிச்சவ்வை நோக்கிச் செல்லும் மெல்லிய நாளங்கள் அவ்வசைவில் இழுபட்டு அறுதல் உண்டு. கசிந்த குருதி வெளியேற வழியின்றி மூளையை நெருக்கும். நாளக் குருதி மெல்லக் கசிவதாதலின், காயமுற்றவன் சில நாள் தேறியவன்போலத் தோன்றுதலுங் கூடும். இன்றோ மண்டையைத் திறவாமலே அதனைப் படம்பிடித்துக் காட்டுங் கருவியுண்டு. துளையிட்டுக் குருதியை வடித்தலும் உண்டு. அந்நாளில் விரலும் கண்ணுமே கருவிகள். புண்ணிற் பற்றிய சீழும் அவன் முடிவை விரைவாக்கியதென்பர்.

பாரே தாம் கண்டதை நூலில் எழுதிவைத்தார். பதினைந்து வயது மகன் முடிசூடினான். மொங்கொமரியை மன்னன் மன்னித்தான் என்பர். ஆயினும், பின்னர்ப் புரட்டஸ்தாந்தர் பக்கஞ் சேர்ந்து போரிட்ட அவன், பிடிபட்டு 1574இற் பாரிசிலே தலை துணிக்கப்பட்டான்.